கடாரத்துக் காற்றுக்குழல்கள்

கெடாவின் ஜெராய் மலை தெற்கே சரிந்து மெர்போக் ஆற்றை நோக்கி இறங்குகிறது. அந்தச் சரிவில் பீடோங், செமெலிங், மெர்போக் என்று ஊர்கள், அவற்றைச் சுற்றிலும் தோட்டங்கள். முதலில் பால்மரம் நின்றது. பிறகு செம்பனை வந்தது. சுங்கை பத்துத் தோட்டமும் இப்படிப்பட்டதுதான். வரிசையாக நின்ற மரங்களுக்கு நடுவே அங்கங்கே சிறு மேடுகள் இருந்தன. பால் வெட்டப் போனவர்களும் குலை தள்ளப் போனவர்களும் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய மேடுகள். 2009இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு, பேராசிரியர் மொக்தார் சைடின் தலைமையில் அவற்றைத் தோண்டத் தொடங்கியது. செங்கல் கட்டடங்களின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. மண் மூடிப்போன பழைய ஆற்றின் கரையில் படகுத்துறைகள் வெளிப்பட்டன. வட்ட அடித்தளம் கொண்ட ஒரு வழிபாட்டு மேடை கிடைத்தது. சில மேடுகளில் வேறொன்று இருந்தது: கறுத்துக் கனத்த கிட்டம் என்ற உலைக்கழிவு, எரிந்து சிவந்த உலைத்தரை, ஆயிரக்கணக்கான உடைந்த சுடுமண் குழாய்கள்.

அந்தக் குழாய்த் துண்டுகளைப் பற்றியதுதான் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி. பண்டைய இரும்பு என்றால் நம் மனம் வாளுக்கும் ஈட்டிக்கும் போகிறது. அருங்காட்சியகங்களும் அவற்றையே கண்ணாடிக்குள் வைக்கின்றன. ஆனால் ஓர் ஊரில் வாள் கிடைத்தால் அந்த ஊரார் வாள் வைத்திருந்தார்கள் என்று மட்டுமே தெரியும். அதை அவர்களே செய்தார்களா, கப்பலில் வந்ததை வாங்கினார்களா என்று வாள் சொல்லாது. கிட்டத்தையும் உடைந்த குழாயையும் யாரும் கப்பலேற்றி விற்பதில்லை. அவை எங்கே கிடக்கின்றனவோ அங்கேதான் உலை எரிந்தது. போதாததற்கு, ஆண்டு முழுவதும் மழை பெய்யும் கெடா மண்ணில் இரும்புக் கருவி துருப்பிடித்துக் கரைந்துவிடும். கிட்டம் கண்ணாடித் தன்மை கொண்ட கல், இரண்டாயிரம் ஆண்டானாலும் அப்படியே கிடக்கும். உலைக்காரர்கள் வேண்டாமென்று எறிந்ததுதான் அவர்களைப் பற்றிய நம்பகமான சாட்சி.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள உலைக்குள் போக வேண்டும்.

இரும்பு அரிய பொருள் இல்லை. நிலவோட்டின் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு இரும்புதான். செம்மண்ணைச் சிவப்பாக்குவதும் அதுவே. ஆனால் அது தனியாகக் கிடைப்பதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சைடாகக் கிடக்கிறது. பொன்னை ஆற்று மணலில் அரித்தெடுக்கலாம். செம்பு சில இடங்களில் உலோகமாகவே கிடைக்கும். இரும்பை அதன் துணையிடமிருந்து பிரித்தாக வேண்டும். அதற்கு வெப்பம் மட்டும் போதாது. இரும்புத்தாதுவை எவ்வளவு சூடாக்கினாலும், காற்றுப் புழங்கும் அடுப்பில் அது சூடான தாதுவாகத்தான் இருக்கும். ஆக்சிஜனை வாங்கிக்கொள்ள வேறொரு பொருள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்தப் பொருள் மரக்கரியிலிருந்து வருகிறது. கரி நிறைந்த ஒடுங்கிய உலையில் காற்று அளவாக நுழைந்தால் கரி முழுதாக எரிவதில்லை. கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அந்த வாயு ஆக்சிஜனுக்கு ஏங்குவது. உலையில் மேலே ஏறும்போது, கீழிறங்கி வரும் தாதுவிடமிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. மிஞ்சுவது இரும்பு. ஆக, கரி இங்கே இரண்டு வேலை பார்க்கிறது: வெப்பம் தருகிறது, தாதுவை உடைக்கும் வாயுவையும் தருகிறது. விறகை அப்படியே போட்டு எரித்தால் அதன் ஈரமும் புகையும் உலையின் சூட்டைக் குறைத்துவிடும். அதனால்தான் உலகின் எந்த மூலையிலும் இரும்புக்காரர்கள் முதலில் கரிக்காரர்களாக இருந்தார்கள்.

பலர் தவறாக எண்ணுவது ஒன்றுண்டு. பழங்கால உலையில் இரும்பு தண்ணீராய் உருகி ஓடியதாக நினைக்கிறார்கள். தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். இத்தகைய உலைகள் 1,200 டிகிரி, அதற்குச் சற்று மேல் என்ற அளவில்தான் இயங்கின. அந்த வெப்பத்தில் உருகியது இரும்பைச் சூழ்ந்திருந்த மணலும் களிமண்ணும். அவை தாதுவின் ஒரு பகுதியையும் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ 1,200 டிகிரியில் இளகி வழிந்தன. அந்தக் குழம்பு ஆறினால் கிட்டம். திடநிலையிலேயே இருந்த இரும்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, துளைகளும் கிட்டமும் நிறைந்த கட்டியாக உலையின் அடியில் தங்கின. அதை இழுத்துப் போட்டு, சூடு ஆறுமுன் சம்மட்டியால் அடித்து அடித்துக் கிட்டத்தைப் பிழிந்து வெளியேற்றிய பிறகுதான் கருவி செய்யத் தகுந்த இரும்பு கிடைத்தது. உருகி ஓடும் வார்ப்பிரும்பைக் கிறிஸ்துவுக்கு முன்பே பெருமளவில் செய்தவர்கள் சீனர்கள். இரும்பில் 4 விழுக்காடு வரை கரிமம் ஏறினால் அது 1,150 டிகிரியிலேயே உருகும். அந்த வழியைத் தங்கள் உயரமான உலைகளில் அவர்கள் கண்டுகொண்டார்கள். மற்ற நாடுகளில் பெரும்பாலும் கட்டியை அடித்துப் பிழியும் முறைதான் பல நூற்றாண்டு நீடித்தது.

இதில் தாதுவின் பெரும்பங்கு வீணாகிறது. தூய ஹெமடைட் தாதுவில் எடைக்கு 70 விழுக்காடு இரும்பு உண்டு. பழைய கிட்டத்தைச் சோதித்தால் அதற்குள்ளேயே பாதிக்குமேல் இரும்பு ஆக்சைடு தங்கியிருப்பது தெரியும். இரும்பின் ஒரு பகுதியைக் கிட்டத்துக்குக் காணிக்கை கொடுத்தால்தான் கிட்டம் இளகும், இரும்பு தனியாகும். அந்தக் கணக்கை எழுத்தில் போடாமல் கையாலும் கண்ணாலும் கற்றவர்கள் அந்த உலைக்காரர்கள். நம் சித்த மருத்துவர்கள் பழங்கிட்டத்தைச் சுத்தி செய்து மண்டூரம் என்று சோகைக்குக் கொடுப்பதற்கும் அதில் தங்கிப்போன இந்த இரும்புதான் அடிப்படை.

இப்போது குழாய்க்கு வருவோம். சமையலறை அடுப்புக்கு ஊதாங்குழல் எதுவோ, இரும்பு உலைக்கு இது அது. ஒரு முனை துருத்தியின் பக்கம், மறுமுனை உலையின் நெஞ்சுக்குள். உலையில் காற்று எங்கே நுழைகிறது, எவ்வளவு நுழைகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காற்று குறைந்தால் சூடு ஏறாது, கிட்டம் இறங்காது. அதிகமானால், உண்டான இரும்பே மறுபடி ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். குழாயின் வாய்க்கு முன்னால்தான் உலையின் மிகச் சூடான இடம். குழாயின் முனை அங்கேயே இருப்பதால் அதன் களிமண்ணும் இளகி, பளபளக்கும் கறுப்புக் கண்ணாடியாக மாறுகிறது. சில சமயம் கிட்டம் உள்ளே புகுந்து அடைத்துவிடுகிறது. ஒவ்வொரு முறை உலை ஏற்றிய பின்னும் குழாய்கள் பாழாகும். அவற்றை உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்வார்கள்.

ஆகவே ஒரு குழாய்த் துண்டு நிறையச் சொல்லும். கண்ணாடியான பகுதியின் நீளம், அது உலைக்குள் எவ்வளவு தூரம் நீட்டியிருந்தது என்பதைக் காட்டும். கிட்டம் படிந்த சாய்வு, குழாய் எந்தக் கோணத்தில் செருகப்பட்டது என்பதைக் காட்டும். துளையின் விட்டம், துருத்தியின் வலுவைக் கணிக்க உதவும். களிமண்ணில் கலந்த மணலும் உமியும், அதைச் செய்த கைகளின் பழக்கத்தைக் காட்டும். இவற்றுக்கெல்லாம் மேல் எண்ணிக்கை. வீட்டுத் தேவைக்கு ஆண்டுக்கு ஒரு முறை உலை மூட்டிய கொல்லன் இவ்வளவு குழாய்களைக் குவித்திருக்க முடியாது. சுங்கை பத்தில் இருக்கும் குவியல்களைப் பார்த்தால், அளவான குழாய்களைத் தொடர்ந்து செய்து தருவதற்கென்றே ஆட்கள் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தாது கொண்டுவர ஒரு கூட்டம், கரி சுட ஒரு கூட்டம், குழாய் பிடிக்க ஒரு கூட்டம், துருத்தி போட ஒரு கூட்டம். அது தொழிற்சாலை என்ற சொல்லுக்குத் தகுதியான இடம்.

துருத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் துருத்திகள்தான் பெரும்பாலும் வழக்கம். தென்கிழக்காசியாவில் வேறு வகை: மூங்கிலையோ குடைந்த மரத்தையோ இரண்டு நெட்டுக் குழாய்களாக நிறுத்தி, இறகு கட்டிய தண்டுகளை மாற்றி மாற்றி இறக்கி ஏற்றுவார்கள். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். காற்று இடைவிடாமல் போகும். இதே துருத்தி ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்திலுள்ள மடகாஸ்கர் தீவிலும் புழங்கியது. ஆயிரமாண்டுக்கு முன்னரே மலாய்த் தீவுலகிலிருந்து இந்துமாக்கடலைக் கடந்து அங்கே குடியேறியவர்கள் மொழியோடு இதையும் கொண்டுபோனார்கள்.

மனிதக் கை இல்லாமலே காற்றூட்டிய உலைகளும் உண்டு. இலங்கையில் பலாங்கொடைக்கு அருகே சமனலவெவவில் கில்லியன் ஜூலெஃப் என்ற ஆய்வாளர், மலைச்சரிவுகளில் மேற்கு நோக்கிக் கட்டப்பட்ட உலைகளைக் கண்டெடுத்தார். தென்மேற்குப் பருவக்காற்று சரிவில் மோதி ஏறும்போது உலையின் முகப்பில் வரிசையாக வைத்த குழாய்கள் வழியே உள்ளே பாய்ந்தது. கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான உலைகள் அவை. அதே மாதிரியில் உலை கட்டி, அதே காற்றில் அவர் இரும்பு எடுத்தும் காட்டினார். கிடைத்ததில் உயர் கரிம எஃகும் இருந்தது. 1996இல் நேச்சர் இதழில் அந்தக் கட்டுரை வரும்வரை, காற்றை மட்டும் நம்பிய உலையில் நல்ல இரும்பு வராது என்றே பல அறிஞர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு தொழில்நுட்பத்தை அது பிறந்த நிலத்திலும் பருவத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

இரும்பை முதலில் எடுத்தவர்கள் யார்? மனிதர் கையாண்ட முதல் இரும்பு வானிலிருந்து விழுந்தது. எகிப்தின் கெர்சே இடுகாட்டில் கிடைத்த 5,000 ஆண்டுப் பழமையான மணிகள் விண்கல் இரும்பைத் தட்டிச் சுருட்டியவை. துட்டன்காமனின் கல்லறையில் இருந்த குத்துவாளும் விண்கல்தான். அதிலுள்ள நிக்கலும் கோபால்ட்டும் அதை 2016இல் உறுதிப்படுத்தின. விண்கல்லைத் தட்டியவர்களுக்கு உலைநுட்பம் தேவைப்படவில்லை. தாதுவிலிருந்து இரும்பு எடுப்பது செப்பு உலைகளில் தற்செயலாகத் தொடங்கியிருக்கலாம். செம்பு உருக்குவோர் கிட்டம் எளிதில் இளக இரும்புத்தாதுவைச் சேர்ப்பதுண்டு. உலை கொஞ்சம் மிகையாகச் சூடேறினால் அடியில் இரும்புத் துணுக்குகள் தங்கிவிடும். இன்றைய துருக்கியிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் கி.மு. இரண்டாம் ஆயிரத்தில் இரும்பு மெல்லத் தலைகாட்டியது. ஜோர்டானில் டெல் ஹம்மே என்ற இடத்தில் கி.மு. 930 வாக்கில் இயங்கிய உலைகளின் எச்சம் கிடைத்திருக்கிறது. அங்கேயும் சான்று கிட்டமும் குழாய்த் துண்டுகளும்தான்; அங்கத்திய குழாய்கள் சதுர வடிவானவை.

இந்தியாவில் கதை தனி வழியில் போகிறது. உத்தரப் பிரதேசத்தின் மல்ஹர், ராஜா நளா கா டீலா, தாதுபூர் போன்ற இடங்களில் ராகேஷ் திவாரி நடத்திய அகழ்வுகள், இரும்பைக் கி.மு. இரண்டாம் ஆயிரத்தின் முற்பகுதிக்குக் கொண்டு சென்றன. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறைக்கு கி.மு. 2172 என்ற தேதி 2022இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரி 23 அன்று, கா. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதிய நூலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வெளியிட்டார், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் தேதி அதில் கி.மு. 3345 வரை போகிறது. தமிழர் வாழும் இடமெல்லாம், கெடாவின் சுங்கை பட்டாணி உணவுக்கடைகள் உட்பட, அந்தச் செய்தி பேசப்பட்டது. அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. அதனாலேயே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ஈமத்தாழியோடு கிடைத்த கரிக்கும் பானைக்கும் கணித்த தேதி, அதிகம் போனால் அந்தத் தாழி புதைக்கப்பட்ட காலத்தைச் சொல்லும். அந்த இரும்பு எந்த உலையில் பிறந்தது என்பதைச் சொல்ல, அதே காலத்து உலையும் கிட்டமும் குழாயும் வேண்டும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அந்த மூன்றும் கிடைத்தன: வெப்பத்தில் வெளுத்த பெரிய உலைத்தளம், அதைச் சுற்றிச் சிறு உலைகள், முனை கண்ணாடியான குழாய்கள், எஃகு செய்த மூசைகள். கொடுமணலின் காலம் சிவகளையைவிட மிகவும் பிந்தியது. இருந்தும் இரும்புத் தொழிலை அறிய எனக்குக் கொடுமணல்தான் பெரிய பள்ளிக்கூடம். சிவகளைக்கு நிகரான பழமையில் ஓர் உலை தமிழ் மண்ணில் வெளிப்பட்டால், உலக உலோகவியல் நூல்களைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

தேதிக் கேள்வி கெடாவிலும் எழுந்திருக்கிறது. சுங்கை பத்தின் வழிபாட்டு மேடைக்கு ஒளிவீச்சு முறையில் கி.பி. 110 என்ற காலம் கிடைத்தது. செங்கல் சுடப்பட்ட பிறகு அதற்குள் சேர்ந்த கதிரியக்க ஆற்றலை அளக்கும் முறை அது. உலைகளிலிருந்து எடுத்த கரியின் கரிமத் தேதிகளைக் கொண்டு, இரும்புத் தொழில் கி.மு. நூற்றாண்டுகளிலேயே தொடங்கிவிட்டதாக அகழ்வுக் குழு கூறுகிறது, கி.மு. 6ஆம் நூற்றாண்டு, அதற்கும் முந்தி என்ற எண்கள் நாளிதழ்களில் வந்தன. தென்கிழக்காசியாவின் மிகப் பழைய நாகரிகம் என்ற பட்டமும் கூடவே வந்தது.

இங்கே கரியின் இயல்பைக் கவனிக்க வேண்டும். கரிமத் தேதி மரம் எரிந்த நாளைச் சொல்வதில்லை. அந்த மரத்தின் அந்த வளையம் வளர்ந்த ஆண்டைச் சொல்கிறது. முன்னூறு ஆண்டு நின்ற காட்டு மரத்தின் நடுத்தண்டைக் கரியாக்கி உலையில் போட்டால், அந்த உலை தன் வயதுக்கு முன்னூறு ஆண்டு மூப்பாகத் தெரியும். கெடாவின் பழங்காட்டில் அத்தகைய மரங்களுக்குப் பஞ்சமில்லை. சுள்ளி, விதை, கொட்டாங்குச்சி போன்று ஓரிரு ஆண்டே வாழ்ந்த பொருளின் கரியைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தால் இந்தச் சிக்கல் தீரும். கி.பி. முதல் நூற்றாண்டுகளில் சுங்கை பத்து செழிப்பாக இயங்கியது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அதற்கு முந்திய ஐந்தாறு நூற்றாண்டுகளுக்கு அத்தகைய குறுவாழ்வுக் கரிகளின் தேதிகள் அடுக்கடுக்காக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது அந்த இடத்தின் பெருமையைக் குறைப்பதாகாது. கி.பி. 110 மட்டுமே உறுதி என்று வைத்துக்கொண்டாலும், இராசேந்திர சோழனின் கப்பல்கள் 1025இல் கடாரம் என்று அழைக்கப்பட்ட கெடாவுக்கு வந்தபோது இந்தக் கரையின் நகர வாழ்க்கைக்கு வயது தொள்ளாயிரத்துக்கு மேல். நாம் அந்தப் படையெடுப்பைக் கடாரத்தின் தொடக்கமாகப் பேசிப் பழகியிருக்கிறோம். அது கடாரத்தின் நடுவயதில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

கெடாவுக்கு இந்த நுட்பம் எங்கிருந்து வந்தது? இந்தியாவிலிருந்து வணிகரோடு வந்தது என்பது பழைய பதில். தாய்லாந்து நிலப்பரப்பில் கி.மு. 5ஆம் நூற்றாண்டையொட்டி இரும்பு பரவிவிட்டது. மலாய்த் தீபகற்பத்தின் இடுப்பிலுள்ள காவ் சாம் கேவ் என்ற துறைமுக நகரில், கி.மு. 4ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்திய முறையில் கல்மணியும் கண்ணாடி மணியும் செய்தார்கள். கைவினைஞர்களே கடல் கடந்து வந்து குடியிருந்ததற்கு இது அடையாளம். கிராபி மாநிலத்துக் குலோங் தோமில் கிடைத்த உரைகல்லில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு பொற்கொல்லரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆக, தமிழ்க் கைவினைஞர் இந்தக் கரைகளில் நடமாடியது உண்மை. இன்னொரு பக்கம், மலேசியாவின் பேராக், சிலாங்கூர், பகாங் பகுதிகளில் விந்தையான வடிவமுள்ள பழைய இரும்புக் கருவிகள் கிடைக்கின்றன. குழல் போன்ற பிடித்துளையும் நீண்ட அலகும் கொண்டவை. மலாய்க் கிராம மக்கள் அவற்றை இரும்புக் கையுடைய மாவாஸ் என்ற குரங்கின் எலும்பு என்று நம்பி, துலாங் மாவாஸ் என்று அழைத்தார்கள். அவை இந்தியக் கருவிகளைப் போலில்லை. உள்ளூரில் தனித்த கொல்லு மரபு ஒன்று இருந்ததை அவை காட்டுகின்றன. ஒரே வழியில் ஒரே மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்ற கதைக்கு இந்தச் சான்றுகள் இடம் தரவில்லை. வந்தவர்களும் இருந்தவர்களும் ஒரே உலையைச் சுற்றி நின்றார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பட்டினப்பாலை புகாரின் துறையில் குவிந்த பொருள்களில் காழகத்துப் பொருளையும் சொல்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகம் என்பதைக் கடாரம் என்று கொண்டார். அந்தப் பொருள்களில் இரும்பும் இருந்ததா என்று கேட்கும் உரிமை சுங்கை பத்து தோண்டப்பட்ட பிறகே நமக்குக் கிடைத்தது.

ஏன் இந்த இடம்? அடிவாரத்தில் தாது. மலையில் காடு. ஆற்று முகத்தில் அலையாத்திக் காடு. குழாய்க்கும் உலைச்சுவருக்கும் ஆற்றங்கரைக் களிமண். ஏற்றத்தண்ணீரில் படகு உள்ளே வரும், வற்றத்தண்ணீரில் வெளியே போகும். கடலில் வருபவர்களுக்கு ஜெராய் மலை தொலைவிலிருந்தே தெரியும். வங்கக்கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அது கரைகாட்டி. 1,200 மீட்டர் அளவுக்கு எழுந்து நிற்கும் மலை வேறெதுவும் அந்தக் கரையோரத்தில் இல்லை. இத்தனையும் சில மைல்களுக்குள் அமைந்த துறைகள் உலகில் அதிகம் கிடையாது.

இவற்றில் முதலில் தீர்வது காடு. மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் கரியாகத் தேறும். அடித்துச் சுத்தமாக்கிய ஒரு கிலோ இரும்புக்குப் பத்துக் கிலோ கரி என்று மிகக் குறைவாகக் கணக்கிட்டாலும் ஐம்பது கிலோ மரம் வேண்டும். செயல்முறைச் சோதனைகளில் இதைவிடப் பல மடங்கு செலவானதுண்டு. ஒரு மண்வெட்டிக்கு ஒரு மரம் என்ற விகிதத்தில் காடு கரைந்திருக்கும். இந்தப் பசி இரும்புத் தொழிலை விடாமல் துரத்தியது. ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கி, சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து உருக்கினார். அந்த ஆலையை முடக்கிய காரணங்களில் கரித் தட்டுப்பாடும் ஒன்று. கெடாவில் மழையும் வெயிலும் காட்டை வேகமாக மீட்டுக்கொடுக்கும் என்பது உலைக்காரர்களுக்குக் கிடைத்த சலுகை. பேராக்கின் கோலா செப்பாத்தாங்கில் அலையாத்தி மரத்தை முறைவைத்து வெட்டிக் கரி சுடும் சூளைகள் இன்றும் புகைகின்றன. சுழற்சி முறையில் வெட்டினால் அந்தக் காடு தீராது என்பதற்கு அது கண்ணெதிரே உள்ள சான்று.

சேலத்தை இங்கே நினைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. கெடாத் தோட்டங்களுக்கு ஆள் கட்டி அனுப்பிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. கஞ்சமலையின் இரும்புத்தாதுவும் அதிலிருந்து எஃகு செய்த கைகளும் இருந்த நாடு அது. தென்னாட்டு எஃகின் தரத்துக்குக் காரணம் தேடி 1819 முதல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே அதைப் பகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மலிவான ஆங்கில இரும்பு வந்து சேலத்து உலைகளை அணைத்துவிட்டது. அந்த மண்ணிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள், தங்கள் காலடியில் வேறொரு பழைய உலைக்களம் கிடப்பதை அறியாமல் அதன்மேல் பால் வெட்டினார்கள்.

அறியாமலே அழிந்தவையும் உண்டு. சுங்கை பத்தையும் உள்ளடக்கிய பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் எச்சங்களை 1830களிலும் 40களிலும் ஜேம்ஸ் லோ குறித்துவைத்தார். 1936-37இல் குவாரிட்ச் வேல்சும் அவர் மனைவி டோரதியும் தோண்டி, கண்டவற்றுக்கு எண் கொடுத்தார்கள். அப்படி எண் பெற்ற பதினோராம் சண்டி, அதாவது கோயில், சுங்கை பத்தில் இருந்தது. 2013இல் வீட்டுமனைக்காக நிலத்தைச் சமன்செய்தபோது அது இடிக்கப்பட்டது. எண் கொடுத்துப் பதிவான கோயிலுக்கே அந்தக் கதி. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. பதிவாகாத கிட்டக்குவியலை யார் தடுப்பார்? கோயில் என்றால் கல்லும் செங்கல்லும் கண்ணுக்குத் தெரியும். கிட்டம் நிலக்காரருக்குக் கறுப்புக் கல். புல்டோசர் ஓட்டுநருக்குப் பாதை போட உதவும் சல்லி. செம்பனையை மறுநடவு செய்யும்போது மண்ணைப் புரட்டுகிறார்கள். புரட்டிய பிறகு எந்தக் கரி எந்த அடுக்கில் கிடந்தது என்பதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. கெடாவின் உட்பகுதியில் ஜெனியாங் அருகேயும் இரும்பு உருக்கிய இடங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஆறுகளையொட்டி இன்னும் எத்தனையோ தோட்டங்கள் இருக்கின்றன. காந்தத்தில் ஒட்டும் கனத்த கறுப்புக் கல்லும் ஒரு முனை பளபளக்கும் சுடுமண் குழாயும் கண்ணில் பட்டால், எடுத்துக்கொண்டு போகாமல் கிடக்கும் இடத்திலேயே படமெடுத்து, மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் சொல்ல வேண்டும். அகழ்வாளர்களுக்குத் தோட்டத்து மக்களைவிட அதிகக் கண்கள் கிடையாது.

இத்தனை இரும்பும் எங்கே போயிற்று என்பதுதான் அடுத்த பெரிய கேள்வி. அதற்கும் விடை கிட்டத்தில் இருக்கிறது. எவ்வளவு அடித்தாலும் பழைய இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத கிட்டத் துகள்கள் சிக்கிக்கொண்டுவிடும். அந்தத் துகள்களில் தாதுவின் சுவடு இருக்கும்: எந்த மலையின் தாதுவில் டைட்டானியம் அதிகம், எதில் மாங்கனீசு அதிகம், எதில் அரிய மண் தனிமங்கள் எந்த விகிதத்தில் உள்ளன என்ற கையெழுத்து. ஐரோப்பாவில் இந்த வழியில் கத்திகளையும் கப்பல் ஆணிகளையும் அவை பிறந்த தாதுநிலங்களோடு இணைத்துப் பார்த்திருக்கிறார்கள். சுங்கை பத்துக் கிட்டத்தின் கையெழுத்தை முழுதாகப் பதிவு செய்துவிட்டால், தாய்லாந்துத் தீபகற்பத்துத் துறைகளிலும் சுமத்ராவிலும் தமிழகக் கடற்கரை ஊர்களிலும் கிடைத்த அதே காலத்து இரும்புத் துண்டுகளை அதனோடு ஒப்பிடலாம். அரிக்கமேட்டிலோ அழகன்குளத்திலோ துருவேறிக் கிடக்கும் ஓர் ஆணியைக் குறுக்கே அறுத்து, மெருகிட்டு, மின்னணு நுண்ணோக்கியில் வைத்தால், அது கொங்கு நாட்டு உலையில் பிறந்ததா, கடாரத்து உலையில் பிறந்ததா என்று கேட்க முடியும்.